கம்பி வழி வானொலி: கேளுங்கள், சொல்கிறேன்

கே: ரேடியோ என்றாலே கம்பியில்லாமல் வருவதுதானே? பிறகு எதற்காக நிலையத்துக்கு நிலையம் கம்பி இழுத்தார்கள்?

ப: உங்கள் வீட்டு ரேடியோவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில்தான் கம்பி இல்லை. அந்த டிரான்ஸ்மிட்டர் வரைக்கும் நிகழ்ச்சி பல நூறு மைல் கம்பியில் வந்திருக்கும். நேயர்கள் கண்ணில் கோபுரம் பட்டது, கம்பி படவில்லை. அதனால் புகழெல்லாம் கோபுரத்துக்குப் போயிற்று. தொலைபேசித் துறையின் டிரான்ஸ்மிஷன் பிரிவில் காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், பகலில் தரையை ஒட்டி ஓரளவு தூரம்தான் போகும். இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் போகும். ஆனால் ஏறும், இறங்கும், நடுநடுவே குரல் உடையும். ஒரு நிலையத்தின் ஒலியை இன்னொரு நிலையம் ரேடியோவில் பிடித்து மறு ஒலிபரப்பு செய்து பார்த்ததும் உண்டு. அப்படிச் செய்தால் மங்கலும் இடி மின்னல் இரைச்சலும் சேர்ந்தே மறு ஒலிபரப்பாகும். கம்பியிலும் குறைகள் ஏராளம். ஆனால் இன்றைக்கு இருக்கும் குறை அநேகமாக நாளைக்கும் அப்படியே இருக்கும். ஒரே இடத்தில் நிற்கும் குறையை அளக்க முடியும். அளந்துவிட்டால் சரிக்கட்ட முடியும். அயனி மண்டலத்தை யார் சரிக்கட்டுவது?

1923 ஜனவரி 4 அன்று நியூயார்க்கின் டபிள்யூஇஏஎஃப் நிலையத்தையும் பாஸ்டனின் டபிள்யூஎன்ஏசி நிலையத்தையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்து ஒரே நிகழ்ச்சியை இரண்டிலும் ஒலிபரப்பினார்கள். சில நிமிடங்களே நீடித்தது. அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் அமெரிக்கக் காங்கிரஸில் பேசியது பல நகரங்களில் ஒரே நேரத்தில் கேட்டது. பிரிட்டனில் 1924 ஏப்ரல் 23 அன்று வெம்ப்ளி கண்காட்சியில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பேசியதை பிபிசி தன் நிலையங்களுக்கெல்லாம் அனுப்பியதும் தபால் துறையின் தொலைபேசிக் கம்பிகளில்தான்.

கே: ஊருக்கு ஊர் தொலைபேசிக் கம்பி ஏற்கெனவே இருந்ததே! அதிலேயே கச்சேரியை அனுப்பியிருந்தால் போயிற்று. தனியாகப் பொறியியல் எதற்கு?

ப: "அனுப்பியிருந்தால் போயிற்று" என்கிறீர்கள். அனுப்பியிருந்தால் கச்சேரிதான் போயிருக்கும்.

தொலைபேசிக் கம்பி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. எதிர்முனையில் இருப்பவர் சொல்வது புரிந்தால் போதும். அதற்கு நொடிக்குச் சுமார் 3,000 அதிர்வு, அதாவது 3,000 ஹெர்ட்ஸ், வரை இருந்தாலே தாராளம். வயலினுக்கும் தாளத்துக்கும் அது போதாது. சரி, கம்பியில் மேல் அதிர்வெண்களையும் அனுப்பலாமே என்றால், அங்கே லோடிங் காயில் என்ற கம்பிச் சுருள் குறுக்கே நிற்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது.

கேபிளுக்குள் இரண்டு செப்புக் கம்பிகள் அருகருகே ஓடும்போது அவற்றுக்கிடையே கொண்மம், அதாவது கெபாசிட்டன்ஸ், சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஒலி தேயும், அதிலும் மேல் சுருதிகள் முதலில் தேயும். கம்பியின் இண்டக்டன்ஸை, அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணத்தை, கூட்டினால் இந்தத் தேய்வு குறையும் என்று ஆலிவர் ஹெவிசைட் 1887-இலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு. 1899, 1900 வாக்கில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஜார்ஜ் கேம்பெல்லும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பூப்பினும் தனித்தனியாக அதைச் செய்முறைக்குக் கொண்டுவந்தார்கள்: குறிப்பிட்ட இடைவெளியில் கம்பியோடு ஒரு காயிலைச் சேர்த்துவிடுவது. காப்புரிமை பூப்பினுக்குப் போயிற்று, பணமும் அவருக்கே. ஹெவிசைட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

காயில் சேர்த்த கம்பியில் பேச்சு முன்பைவிட வெகு தூரம் போனது. அதற்கு ஒரு விலை இருந்தது. காயிலும் கொண்மமும் மாறி மாறி வரும் அந்த வரிசை ஒரு வடிகட்டி ஆகிவிடுகிறது. ஓர் எல்லை வரை ஒழுங்காக விடும். அதற்கு மேல் எதையும் விடாது. தொலைபேசி கேபிளில் வழக்கமான அளவு 6,000 அடிக்கு ஒரு 88 மில்லிஹென்றி காயில் (மில்லிஹென்றி என்பது இண்டக்டன்ஸின் அலகு). அதன் எல்லை சுமார் 4,000 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபையர் எத்தனை வைத்தாலும் இந்த எல்லை நகராது. எல்லைக்கு அப்பால் வந்து சேர்வது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைப் பெருக்கி என்ன செய்ய?

ஆகவே வானொலிக்கென்று கேபிளுக்குள் தனி ஜோடிகள் ஒதுக்கினார்கள். 22 மில்லிஹென்றி காயில், 3,000 அடிக்கு ஒன்று. எல்லை 11,000 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போனது. சிறிய காயில் என்றால் தேய்வு கூடும். அதற்காகத் தடித்த கம்பி, அதுவும் போதாமல் 50 மைலுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆம்ப்ளிஃபையர். காயில்கள் இரண்டு மடங்கு, செம்பு கூடுதல், ஆம்ப்ளிஃபையர் கூடுதல். பல நிலையங்களை இணைத்து நடத்திய நெட்வொர்க் நிறுவனங்கள் தொலைபேசி நிறுவனத்துக்குக் கட்டிய வாடகையைப் பற்றி எப்போதும் முணுமுணுத்தன. இந்தக் கணக்கைப் பார்த்தால் வாடகை அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கே: எல்லை 11,000 ஹெர்ட்ஸ் என்றால் அதுவரைக்கும் பயன்படுத்தலாமே? 8,000 ஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொண்டதாகப் படித்தேனே.

ப: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். எல்லையை நெருங்க நெருங்கத் தேய்வு மட்டுமா கூடுகிறது? வேகமும் குறைகிறது. காயில் சேர்த்த கேபிளில் ஒலி மின்சாரம் ஒளியின் வேகத்தில் போவதில்லை. நான் சொன்ன 22 மில்லிஹென்றி ஜோடியில் அது நொடிக்குச் சுமார் 20,000 மைல் போகும். ஒளி 1,86,000 மைல் போகிறது. 1,000 மைல் கேபிளில் கீழ்ச் சுருதிகள் போய்ச் சேர 50 மில்லி நொடி ஆகும் என்றால், 8,000 ஹெர்ட்ஸ் போய்ச் சேர 70 மில்லி நொடி ஆகும். மிருதங்கத்தில் ஒரு தட்டு தட்டினால் அதன் அடிநாதம் முதலில் வரும், விரல் பட்ட ஓசை பின்னால் வரும். 2,000 மைலுக்கு 40 மில்லி நொடி பிந்தினால் காது நிச்சயம் கண்டுபிடித்துவிடும். 'ச', 'ஷ' போன்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு சீழ்க்கை வால் ஒட்டிக்கொண்டு வரும்.

இதற்கு மருந்து, முந்தி வரும் சுருதிகளை வேண்டுமென்றே தாமதப்படுத்துவது. ஒரு காயில்-கெபாசிட்டர் வலையில் கீழ்ச் சுருதிகளைக் கொஞ்சம் சுற்றவிட்டு, மேல் சுருதிகள் வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்புவார்கள். முந்தி வந்தவனை வாசலில் உட்காரவைத்துப் பிந்தி வந்தவனோடு சேர்த்து உள்ளே விடுவதுபோல. எல்லைக்கு மிக அருகே போனால் இந்த வித்தையும் எடுபடாது.

கே: வீயூ மீட்டர் முள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அது எதை அளக்கிறது?

ப: கம்பியில் போகும் ஒலியின் அளவை. சண்டையைத் தீர்க்க வந்த மீட்டர் அது. 1930-களில் ஸ்டூடியோவில் ஒரு வகை மீட்டர், தொலைபேசி நிறுவனத்தின் கண்ட்ரோல் அறையில் இன்னொரு வகை மீட்டர். ஒரே பாட்டுக்கு இரண்டும் வெவ்வேறு அளவு காட்டும். "நீங்கள் அதிகமாக அனுப்புகிறீர்கள்" என்று இவர் சொல்ல, "எங்கள் மீட்டரில் சரியாகத்தான் இருக்கிறது" என்று அவர் சொல்ல, விவகாரம் முடியாது. தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகமும் என்பிசி, சிபிஎஸ் என்ற வானொலி நெட்வொர்க்குகளும் உட்கார்ந்து பேசி ஒரே மீட்டரை வடிவமைத்து 1939-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 600 ஓம் தடையில் 1 மில்லிவாட் என்பது அடிப்படை. முள் எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பதுகூட விதிக்கப்பட்டது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. இசைக்குழு ஒன்றின் மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் வித்தியாசம் 70 டெசிபல் (ஒலி அளவை ஒப்பிடும் அலகு) வரை போகும். கம்பி தாங்கக்கூடியது சுமார் 40 டெசிபல். மெதுவாக அனுப்பினால் இரைச்சலில் மூழ்கும். உரக்க அனுப்பினால் ஆம்ப்ளிஃபையர் கரகரக்கும். போதாக்குறைக்கு அதே கேபிளில் பேசிக்கொண்டிருப்பவர்கள் காதிலும் போய் விழும். அதனால் ஸ்டூடியோவில் ஒருவர் இசைக்குறிப்பைப் பார்த்தபடியே குமிழைத் திருகிக்கொண்டிருப்பார். நடத்துநர் உச்சத்துக்கு ஏற்றப்போகிறார் என்றால் இவர் முன்கூட்டியே சற்று இறக்கிவைப்பார். இசை தெரியாதவர்களை இந்த நாற்காலியில் உட்காரவைத்தால் நான் ரேடியோவை அணைத்துவிடுவேன்.

கே: தொலைபேசியில் பேசும்போது பின்னணியில் யாரோ பாடியது கேட்டதாக என் தாத்தா சொல்வார். கற்பனையா?

ப: கற்பனை இல்லை. மேலே சொன்னதுதான். ஜோடியின் இரண்டு கம்பிகளும் ஒன்றுக்கொன்று அச்சாகச் சமமாக இருந்தால் பக்கத்து ஜோடியின் ஒலி இரண்டிலும் ஒரே அளவு ஏறி, முனையில் கழிந்துபோகும். அதற்காகத்தான் கேபிளில் ஜோடியை முறுக்குகிறார்கள். கம்பத்தில் போகும் கம்பிகளைச் சில கம்பங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றிக் கட்டுகிறார்கள். ஓர் இணைப்பில் துரு ஏறி ஒரு கம்பியின் தடை மட்டும் கூடினால் சமன் போய்விடும். தாத்தா கேட்டது இரவு நேரத்தில் என்றால் நல்ல கச்சேரியாகவே இருந்திருக்கும்.

கே: ஆர்சிஏ என்ற அமெரிக்க வானொலி நிறுவனம் தந்திக் கம்பிகளில் ஒலிபரப்பை அனுப்பியது உண்மையா?

ப: உண்மை. தொலைபேசி நிறுவனமே அப்போது டபிள்யூஇஏஎஃப் நிலையத்தை நடத்திவந்தது. போட்டியாளருக்குக் கம்பி தர மறுத்தது. வேறு வழியில்லாமல் ஆர்சிஏ தன் டபிள்யூஜேஇசட் நிலையத்துக்காக வெஸ்டர்ன் யூனியனின் தந்திக் கம்பிகளை நாடியது. தந்திக்குக் கட்-கடா கேட்டால் போதும். பாட்டுக்கு அந்தக் கம்பி லாயக்கில்லை. தந்தி வழக்கமாக ஒற்றைக் கம்பியில் போய், திரும்புபாதைக்கு நிலத்தைப் பயன்படுத்துவது. பக்கத்துக் கம்பிகளின் தந்தித் துடிப்புகளும் மின்வழிகளின் ஹம் ஓசையும் அழைக்காமலே உள்ளே வரும். கடைசியில் சமரசம் ஏற்பட்டது. 1926-இல் டபிள்யூஇஏஎஃப் நிலையத்தை 10 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டுத் தொலைபேசி நிறுவனம் கம்பி வாடகையோடு திருப்தி அடைந்தது. அந்த ஆண்டு நவம்பர் 15 அன்று என்பிசி தொடங்கியது. நிலையத்தை விற்றவருக்கு நட்டமில்லை. நெட்வொர்க் வளர வளர வாடகையும் வளர்ந்தது.

கே: கரைக்குக் கரை ஒலிபரப்பு எப்போது வந்தது?

ப: 1927 ஜனவரி 1, ரோஸ் பவுல் கால்பந்துப் போட்டி. ஆனால் அது ஒருநாள் ஏற்பாடு. மேற்குக் கரைக்கு நிரந்தரமான வானொலித் தரக் கம்பி உடனே வந்துவிடவில்லை. அதுவரை என்பிசி செய்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். கிழக்கே நடந்த நிகழ்ச்சியின் எழுத்துப் பிரதியை ரயிலில் மேற்கே வரவழைத்து, சான் பிரான்சிஸ்கோவில் வேறு நடிகர்களையும் இசைக் கலைஞர்களையும் வைத்து அதே நிகழ்ச்சியை மறுபடியும் நடத்தினார்கள். கம்பி இல்லாத இடத்தில் ரயில் வேலை செய்தது.

கே: என்பிசியின் அந்த மூன்று சுர மணியோசை வெறும் அடையாளச் சின்னமா?

ப: பிற்பாடு சின்னம் ஆனது. 1950-இல் அமெரிக்காவில் ஒலிக்குறியாகப் பதிவே செய்தார்கள். முதலில் அது வேலையாட்களுக்கான சைகை. ஜி, இ, சி என்ற அந்த மூன்று சுரங்கள் ஒலித்தால் நிகழ்ச்சி முடிந்தது என்று பொருள். வழிநெடுக உள்ள நிலையங்களிலும் தொலைபேசி கண்ட்ரோல் அறைகளிலும் காத்திருப்பவர்கள் அடுத்த இணைப்பைப் போடுவார்கள்.

அந்தச் சில நொடிகளில் என்ன நடந்தது என்று தெரிந்தால் வியப்பீர்கள். தொலைபேசிப் பேச்சு இருபக்கமும் போகும். வானொலி வழியில் ஆம்ப்ளிஃபையர் ஒரு பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கும். நியூயார்க்கிலிருந்து போய்க்கொண்டிருந்த நிகழ்ச்சிக்குப் பின் சிகாகோவிலிருந்து ஒரு நிகழ்ச்சி என்றால், இடையிலுள்ள அத்தனை ஆம்ப்ளிஃபையர்களும் திசை திரும்ப வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் கையால் பேட்ச் கார்டை, அதாவது இணைப்புக் கம்பியை, மாற்றிச் செருகினார். பிறகு ரிலே என்ற மின்காந்த விசை வந்தது; ஒரு முனையிலிருந்து சைகை கொடுத்தால் வரிசையாகத் திரும்பிக்கொள்ளும். இதையெல்லாம் ஒருங்கிணைக்கத் தனியாக ஒரு டெலிபிரின்டர் வழி ஊர் ஊராக ஓடியது. யாராவது ஒருவர் தூங்கிவிட்டால் ஒரு மாகாணமே மௌனமாகிவிடும். அப்படி நடந்தால் சமாளிக்க உள்ளூர் ஸ்டூடியோவில் பியானோக்காரர் ஒருவரைக் காத்திருக்க வைப்பதும் உண்டு.

கே: மழை, வெயில் கம்பியைப் பாதிக்குமா?

ப: பாதிக்காத நாள் இல்லை. செம்பின் தடை ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.39 சதவீதம் மாறும். குளிர்காலத்துக்கும் கோடைக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால் சுமார் 16 சதவீதம். அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். 1,000 மைல் வானொலி ஜோடியில் மொத்தத் தேய்வு 200 டெசிபலைத் தாண்டும். அதில் 16 சதவீதம் என்றால் 30 டெசிபலுக்கு மேல்! காலையில் சரியாக வைத்த லெவல் பிற்பகலில் காணாமல் போயிருக்கும். அதே கேபிளில் ஒரு ஜோடியை அளவுக்கென்றே விட்டுவைத்து, அதன் தடை கூடினால் ஆம்ப்ளிஃபையரின் பெருக்கத்தைத் தானாகவே ஒரு படி கூட்டும் கருவியைச் செய்தார்கள். மனிதன் ஓடி ஓடித் திருகுவதைவிட அது நன்றாகவே வேலை செய்தது.

கம்பத்தில் போகும் கம்பிக்கு வேறு உபத்திரவம். மழையில் நனைந்த பீங்கான் வழியாக ஒலி கசியும். பனி உறைந்தால் கம்பியே அறுந்து விழும்.

கே: மத்திய அலை வானொலியின் மந்தமான ஒலிக்குக் கம்பிதான் காரணமா?

ப: பழி பாதிதான் கம்பிக்கு. பெரும்பாலான நெட்வொர்க் வழிகள் 5,000 ஹெர்ட்ஸ் வரைக்குமே வாடகைக்கு எடுக்கப்பட்டவை, மலிவு. வீட்டு ரேடியோக்களும் அதற்கு மேல் காட்டவில்லை. கம்பிக்கு முடியாது என்பது பொய். 1933 ஏப்ரல் 27 அன்று பெல் ஆய்வகம் ஒரு பரிசோதனை நடத்தியது. பிலடெல்பியா இசைக்குழு தன் ஊரில் வாசித்தது. நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி வாஷிங்டன் அரங்கில் குமிழ்களுக்கு முன் உட்கார்ந்திருந்தார். மூன்று தனித்தனி வழிகள், ஒவ்வொன்றிலும் 15,000 ஹெர்ட்ஸ் வரை. அரங்கில் இருந்தவர்களுக்கு மேடையில் யாரும் இல்லாமலே இடம், நடு, வலம் என்று வாத்தியங்கள் பிரிந்து கேட்டன. பணம் கொடுத்தால் கம்பி பாடும்.

எஃப்எம் கண்ட ஆர்ம்ஸ்ட்ராங்குக்குக் கம்பியைச் சார்ந்திருப்பதே பிடிக்கவில்லை. 1939-இல் யாங்கி நெட்வொர்க் பாஸ்டன் ஸ்டூடியோவிலிருந்து பேக்ஸ்டன் மலைக்கு நிகழ்ச்சியை எஃப்எம் ரேடியோ இணைப்பிலேயே அனுப்பியது. அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. எனக்குப் பிடிக்காவிட்டாலும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

கே: இப்போது அந்த வழிகள் இருக்கின்றனவா?

ப: அநேகமாக இல்லை. முதலில் கேரியர் முறை, அதாவது பல பேச்சுகளை வெவ்வேறு அதிர்வெண்களில் ஏற்றி ஒரே வழியில் அனுப்பும் முறை, வந்தது. மூன்று தொலைபேசிப் பேச்சுகளுக்கான இடத்தில் ஒரு 10,000 ஹெர்ட்ஸ் வானொலி வழியை வைத்தார்கள். 1980-ஐ ஒட்டி அமெரிக்கப் பொது வானொலி செயற்கைக்கோளுக்கு மாறியது; மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். இன்றைக்கு இணையம். தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் இணையத்தில் தாமதம் நொடிக்கு நொடி மாறும். அதை மறைக்க வந்ததைச் சற்றுப் பிடித்துவைத்து அனுப்பும் ஒரு தாங்கல் நினைவகம் (பஃபர்) வைக்கிறார்கள், அதனால் தாமதம் இன்னும் கூடுகிறது.

கே: நான் மின்னணுவியல் மாணவி. கம்பியில் தேய்ந்த ஒலியைச் சமன் செய்யும் ஈக்வலைசர் ஒன்றைப் பழைய முறையில் செய்து பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ப: இப்படிப்பட்ட கடிதம் வந்தால் மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிடுவேன்.

காயில் இல்லாத பழைய தொலைபேசி கேபிள் சுருள் ஒன்று, ஒன்றிரண்டு கிலோமீட்டர் இருந்தால் நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் தொலைபேசி லைனில் கை வைக்காதீர்கள். ஒரு முனையில் 600 ஓம் ஆசிலேட்டர், மறுமுனையில் 600 ஓம் தடையும் மீட்டரும். 100 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 வரை ஒவ்வொரு சுருதியாக அனுப்பி எழுதிக்கொள்ளுங்கள். வரைந்தால் மேலே போகப் போகச் சரியும் கோடு வரும். நீளமான கேபிளில் தேய்வு ஏறக்குறைய அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும்: அதிர்வெண் நான்கு மடங்கானால் டெசிபல் இரண்டு மடங்கு.

மேல் சுருதிகளை உங்களால் உயர்த்த முடியாது. கீழ்ச் சுருதிகளை அவற்றின் மட்டத்துக்கு இறக்க முடியும். பிறகு ஆம்ப்ளிஃபையரால் மொத்தத்தையும் தூக்கிவிடலாம். 3.5 மில்லிஹென்றி காயிலையும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் பக்க இணைப்பில் கட்டுங்கள். இரண்டும் 8,500 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிரும். அதோடு தொடராக ஒரு 500 ஓம் மாறுதடை. இந்த மொத்தத்தையும் பெறுமுனையில் லைனுக்குக் குறுக்கே போடுங்கள். கீழ்ச் சுருதிகள் காயில் வழியாகத் தாண்டித் தேயும். ஒத்ததிர்வை நெருங்கும் சுருதிகளுக்கு அந்தப் பாதை அடைபட்டிருப்பதால் அவை தேயாமல் வரும். மாறுதடையைத் திருகத் திருகச் சரிவு நிமிர்வதைப் பார்ப்பீர்கள். தடையைக் குறைத்தால் அதிகம் நிமிரும், கூடவே மொத்த லெவலும் விழும்.

மீட்டரில் 1 டெசிபலுக்குள் சமமாக வந்த பிறகு நிறுத்திவிடாதீர்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தெரிந்த குரல் ஒன்றின் பேச்சைக் கேபிளுக்கு முன்னும் பின்னும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். 100 ஹெர்ட்ஸ் அருகே கொஞ்சம் உப்பலாகத் தோன்றினால் சிறிய காயிலின் சொந்தத் தடையைச் சந்தேகியுங்கள். ஒரே சுருளில் பல ஜோடிகளைத் தொடராக இணைத்து நீளத்தைக் கூட்ட நினைத்தால், முதல் ஜோடியிலிருந்து கடைசி ஜோடிக்கு ஒலி தாவிவிடும். அளவுகள் நம்ப முடியாதபடி நன்றாக வந்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். வரைபடத்தை எனக்கு அனுப்பிவையுங்கள்.